பேரும் பழைய போட்டோவும் வெச்சு ஒரு ஆளைத் தேடுறது

தண்டையார்பேட்டைய இங்கிலீஷ்ல எப்படி எழுதுவீங்க? ரயில்வே ஸ்டேஷன் போர்டுல டோண்டியார்பேட்னு இருக்கும், ஃபேஸ்புக்ல நம்ம பசங்க தண்டயார்பேட், தண்டையார்பேட்டை, டான்டியார்பெட்னு அவனவன் வாய்க்கு வந்தாப்ல அடிச்சிருப்பான். 2020 ஜூன்ல அரசாங்கமே ஆயிரத்துச் சொச்சம் ஊர் பேரோட இங்கிலீஷ் ஸ்பெல்லிங்க தமிழ் உச்சரிப்புக்கு ஏத்த மாதிரி மாத்துறேன்னு ஆணை போட்டு, ஊரே கலாய்ச்சு, கொஞ்ச நாள்லயே வாபஸ் வாங்கிட்டாங்க, ஞாபகம் இருக்கா. அரசாங்கத்துக்கே இந்த கதினா ஒரு ஆளோட பேரை வெச்சு ஆன்லைன்ல தேடுறவன் கதி என்னன்னு யோசிச்சுக்கோங்க.

நான் இந்தப் பக்கம் ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன். பிரவுசிங் சென்டர்னு போர்டுல இன்னும் இருக்கு ஆனா பிரவுசிங்குக்குனு இப்ப யாரும் வர்றதில்ல, ஆதார் பிரிண்ட், ஈபி பில், வேலைக்கு அப்ளிகேஷன், இதுக்கு வர்றவங்க தான், வந்த வேலை முடிஞ்சதும் மெதுவா "தம்பி, ஃபேஸ்புக்ல ஒருத்தர தேடணும்பா"னு ஆரம்பிப்பாங்க. இதுக்கு நான் காசு வாங்கறதில்ல. யாரைத் தேடுறாங்க எதுக்குத் தேடுறாங்கனு மட்டும் கேப்பேன், பதில் சரியில்லனா சிஸ்டம் ஹேங்குனு சொல்லிடுவேன்.

யூடியூப்ல இதுக்கு ஆயிரம் வீடியோ இருக்கு. கூகுள்ல பேர டபுள் கோட்ஸ்குள்ள போடு, பக்கத்துல சைட்னு இங்கிலீஷ்ல அடிச்சு கோலன் வெச்சு ஸ்பேஸ் விடாம ஃபேஸ்புக் டாட் காம்னு போடு, அந்த சைட்டுக்குள்ள மட்டும் தேடும்னு. உண்மை தான், தேடும். ஆனா டபுள் கோட்ஸ் போட்டா எழுத்துக்கு எழுத்து அப்படியே தேடும், அங்க தான் நம்மாளுங்க பேரு மாட்டிக்கும். ஜெயந்தினு ஒரு பேரு. ஜெ-க்கு ஒருத்தங்க ஏ போடுவாங்க இன்னொருத்தங்க ஈ போடுவாங்க, கடைசி தி-ல ஹெச் உண்டா இல்லையா அது வேற, நடுவுல ஒய் போட்டாங்களா ஐ போட்டாங்களா, நியூமராலஜி பாத்தவங்களா இருந்தா கூட ஒரு எழுத்து எக்ஸ்ட்ரா. எழில், தமிழ், மலர்விழி இதெல்லாம் ழ இருக்கிற பேரு, கேக்கவே வேணாம்.

அதுக்கு மேல இனிஷியல். ஃபேஸ்புக் முதல் பேரு கடைசிப் பேருனு ரெண்டு கட்டம் குடுக்குது, நமக்கு ஏது கடைசிப் பேரு? ஒருத்தர் அப்பா பேர போட்டிருப்பார், ஒருத்தர் வெறும் இனிஷியல் எழுத்த போட்டிருப்பார், அக்காங்க கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டுக்காரர் பேருக்கு மாத்திருப்பாங்க, பசங்க ஏரியா பேரையோ ஹீரோ பேரையோ ஒட்டிருப்பாங்க. குமார்னு தேடி ஒரு ஆளப் புடிக்கறதுக்குள்ள மெட்ரோல விம்கோ நகர் போய்ட்டு திரும்பிடலாம்.

அதனால நான் பேருல ஆரம்பிக்கறதே இல்ல. வந்தவங்கள உக்கார வெச்சு கேள்வி கேப்பேன், எந்த ஸ்கூல், எந்தத் தெரு, எந்த கம்பெனி, ஆடுவாரா பாடுவாரா, கேரமா ஃபுட்பாலா, எந்த கோயில் திருவிழா, எந்த சர்ச்சு, பசங்க என்ன பண்றாங்க. மெஷின் அப்புறம் தான்.

ஒரு பெரியவர் வந்தாரு, பின்னி மில்லுல வேல பாத்தவரு, அதாவது பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக் மில், 1996ல மூடுனாங்கல்ல அது. கூட வீவிங்ல, அதான் துணி நெய்யற செக்ஷன்ல, வேல பாத்த கூட்டாளிய தேடணும்னார். மில்லு மூடுனதும் ஆளுக்கு ஒரு பக்கம் போய்ட்டாங்க, கூட்டாளி ராயபுரத்துல வீட்ட வித்துட்டு பொண்ணோட எங்கயோ வெளிநாடு போய்ட்டாருனு கேள்வி, அவ்ளோ தான் தகவல். கைல ஒரு கருப்பு வெள்ளை போட்டோ, மூலைல கரையான் அரிச்சது. கூகுள் லென்ஸ்ல போடலாமேனு நீங்க கேப்பீங்க. லென்ஸ் அதே போட்டோவோ அது மாதிரி இருக்கிற போட்டோவோ நெட்ல இருக்கானு பாக்கும், எழுபதுகள்ல ஸ்டுடியோல எடுத்து பொட்டில வெச்சிருந்த போட்டோ நெட்ல எப்படி இருக்கும்? போட்டுப் பாத்தேன், பழைய இந்தி நடிகர் ஒருத்தர் மூஞ்சி வந்துச்சு, பெரியவருக்கு ஒரே சந்தோஷம், "அப்பவே சொல்வோம்பா அவன் அப்படித்தான் இருப்பான்"னாரு.

வயசானவங்கள நேரா தேடாதீங்க, இது என் அனுபவத்துல சொல்றேன். அவங்களுக்கு ஐடியே இருக்காது, இருந்தாலும் டிபில பேரக்குழந்தையோ வேளாங்கண்ணி மாதாவோ தான் இருக்கும். புள்ளைங்கள தேடணும். ஆனா பொண்ணு பேரு பெரியவருக்கு பாப்பானு மட்டும் தான் தெரியும். "அவங்க எந்த சர்ச்சுக்கு போவாங்க?" "பேதுரு கோயில் தான், திருவிழானா கொடிமரத்தாண்ட தான் நிப்பான்." ராயபுரம் புனித பேதுரு கோயில் திருவிழா போட்டோ வீடியோலாம் ஃபேஸ்புக்ல கொட்டிக் கெடக்கும், கீழ பாத்தீங்கனா ஊர விட்டுப் போனவங்க தான் அதிகமா எழுதிருப்பாங்க, மிஸ் பண்றோம், எங்க அப்பா தேர் இழுத்த தெரு இதுனு. அதுல ஒவ்வொரு வருஷத்து போஸ்ட்டா கீழ போய்ப் போய், ஒரு அம்மா "அப்பா பின்னி மில் ஷிஃப்ட் முடிச்சு நேரா கோயிலுக்கு தான் வருவாரு"னு தமிழ்ல எழுதிருந்தாங்க. பெரியவர் ஸ்க்ரீன தொட்டுப் பாத்தாரு. பாப்பா தான் அது. மெசேஜ் அனுப்பினா தெரியாத ஆளுங்குறதால மெசேஜ் ரிக்வெஸ்ட்ல போய் விழும், ரொம்ப பேரு அதத் தொறக்கறதே இல்ல, அதனால அதே போஸ்ட்டு கீழ அவங்களுக்கு பதிலா "உங்க அப்பா கூட வீவிங்ல இருந்தவர் தேடுறார்"னு மட்டும் எழுதினோம், நம்பர் போடல. ரெண்டு நாள் கழிச்சு பதில் வந்துது.

போன் நம்பர் வெச்சு தேட முடியாதானு தான் எல்லாரும் முதல்ல கேக்கறாங்க. ஒரு காலத்துல முடிஞ்சுது, ஃபேஸ்புக் தேடுற எடத்துல நம்பர அடிச்சா ஆளே வந்து நிக்கும், கும்பல் கும்பலா அத வெச்சு டேட்டா உருவறாங்கனு 2018 ஏப்ரல்ல மூடிட்டாங்க. கிராஃப் சர்ச்னு ஒண்ணு இருந்துச்சு, இந்த ஊர்ல இருக்கிற இந்த ஸ்கூல்ல படிச்சவங்கனு கேட்டா கூட காட்டும், அதுவும் 2019ல போச்சு. அப்படியும் 2021ல 53 கோடிக்கு மேல பேரோட நம்பர் வெளிய வந்துது, நம்ம காண்டாக்ட ஏத்தி ஃப்ரெண்ட்ஸ கண்டுபிடிக்கற வசதில இருந்த ஓட்டை வழியா முன்னாடியே உருவுனது. செக்யூரிட்டிக்குனு நம்பர குடுத்தவன் கதி அது.

இப்ப நம்பர்னா ட்ரூகாலர், அப்புறம் யுபிஐ. ட்ரூகாலர்ல வர்ற பேரு பல தடவ அடுத்தவன் தன் போன்ல சேவ் பண்ணி வெச்ச பேரு, அதனால தான் நல்லா மரியாதையா இருக்கிற மனுஷன் "சீட்டு ஏமாத்துனவன்"னு வந்து நிப்பாரு. யுபிஐ ஆப்ல நம்பர் போட்டா பேங்க்ல இருக்கிற பேரு காட்டும், அது கொஞ்சம் நம்பலாம், இனிஷியலோட முழுப் பேரு வரும், பணம் அனுப்ப வேண்டியதில்ல. வீட்டு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி இத பாத்துட்டு குடுங்க.

யூசர்நேம் தேடுறதுக்கு ஷெர்லாக்னு ஒரு ஓசி டூல் இருக்கு, ப்ரோக்ராம் எழுதறவங்க கோட் போட்டு வெக்கற கிட்ஹப் சைட்ல கெடைக்கும், ஒரு யூசர்நேம குடுத்தா நானூறுக்கு மேல சைட்டுல அதே பேருல அக்கவுண்ட் இருக்கானு தட்டிப் பாத்துட்டு வரும். பாக்கறதுக்கு சினிமா ஹேக்கர் மாதிரி கெத்தா இருக்கும். ஆனா அதே யூசர்நேம்னா அதே ஆளுனு அர்த்தம் இல்ல, ஒரு தடவ நம்ம வியாசர்பாடி கோல்கீப்பர் தம்பி ஒருத்தனோட ஐடிய போட்டா எங்கயோ பிரேசில்ல செஸ் ஆடற ஆளு வந்தான். வித்தியாசமான பேரா இருந்தா மட்டும் உருப்படியா கிடைக்கும். பிம்ஐஸ் மாதிரி மூஞ்சிய வெச்சே தேடற சைட்டும் இருக்கு, போலந்துல ஆரம்பிச்சது, நான் தொடறதில்ல. பஸ்ல எதிர்ல உக்காந்திருக்கிற பொண்ண போட்டோ எடுத்து யாருனு கண்டுபிடிக்கற வேலைக்கு தான் அது வசதி, எனக்கு அப்படித்தான் தோணுது.

மாப்ள பாக்கறவங்க தான் இப்ப அதிகம். கொருக்குப்பேட்டைல இருந்து ஒரு அக்கா பையனோட பயோடேட்டா எடுத்துட்டு வந்தாங்க, ஹார்பர்ல ஒரு கம்பெனில வேலைனு போட்டிருந்துச்சு. வேலை விவரம் போட்டு வெக்கற லிங்க்ட்இன் சைட்ல பாத்தா வேலை சரி. ஒண்ணு சொல்லிடறேன், லிங்க்ட்இன்ல லாகின் பண்ணிட்டு பாத்தா யாரு பாத்தாங்கனு அந்த ஆளுக்குத் தெரியும், செட்டிங்ஸ்ல பிரைவேட் மோட் போட்டுட்டு பாருங்க, இல்லனா சம்பந்தி வீட்டுக்கு முன்னாடியே நியூஸ் போய்டும். அப்புறம் அவன் சொந்த ப்ரொஃபைல விட ஃப்ரெண்ட்ஸ் அவன டேக் பண்ண போட்டோவ பாருங்க, சொந்தமா போடறது அலங்காரம், மத்தவன் போடறது தான் நெசம். ஒரு கிரிக்கெட் டோர்னமென்ட் போட்டோல கப்ப தூக்கிட்டு நிக்கிறான், தலைல முடி இல்ல. பயோடேட்டா போட்டோல அலை அலையா சுருட்டை. அக்கா போன வாங்கி பெருசு பண்ணிப் பாத்தாங்க, "ஐய, இன்னாபா இது"ன்னாங்க, அப்புறம் ரொம்ப நேரம் சிரிச்சாங்க. "முடி போனா போவுது, சரக்கு பாட்டில் கைல கீதா பாரு." பாட்டில் இல்ல. அந்த சம்பந்தம் நல்லபடியா பேசி முடிஞ்சிடுச்சு.

பசங்களும் வருவாங்க. "அண்ணா, இந்த நம்பரோட இன்ஸ்டா ஐடி வேணும்ணா, தங்கச்சி ஃப்ரெண்டு"னு. தங்கச்சி ஃப்ரெண்டுனா தங்கச்சிட்ட கேளுடா. ஒரு பொண்ணு இன்ட்ரெஸ்ட் இல்லனு காட்டுன பிறகும் பின்னாடி சுத்தறது, அவ நெட்ல என்ன பண்றானு கண்காணிக்கறது, ரெண்டும் பாரதிய நியாய சன்ஹிதா, அதான் ஐபிசிக்கு பதிலா வந்த சட்டம், அதோட 78வது பிரிவுல வரும், முதல் தடவைக்கே மூணு வருஷம் வரைக்கும் உள்ள போடலாம், ரெண்டாவது தடவனா அஞ்சு. இத நான் ஒரு பேப்பர்ல பிரிண்ட் எடுத்து மானிட்டர் பக்கத்துலயே ஒட்டி வெச்சிருக்கேன், தமிழ்ல, பெரிய எழுத்துல. அதப் படிச்சிட்டு பாதி பேரு ஜெராக்ஸ் கூட எடுக்காம போய்டறான்.

காலேஜ் பொண்ணுங்க வந்தா நானே சொல்வேன், ஃபேஸ்புக் செட்டிங்ஸ்ல போன் நம்பர வெச்சு யாரு உங்கள தேடலாம்ங்குறத ஒன்லி மீ ஆக்கிடுங்க, வெளிய இருக்கிற சர்ச் எஞ்சின் உங்க ப்ரொஃபைலுக்கு லிங்க் குடுக்கறத நிறுத்துங்க, டெலிகிராம்லயும் நம்பர வெச்சு யாரு தேடலாம்ங்குற செட்டிங் இருக்கு, இன்ஸ்டால காண்டாக்ட் சின்க்க, அதான் போன்ல இருக்கிற நம்பரெல்லாம் ஏத்தறத, ஆஃப் பண்ணுங்க. அப்புறம் உங்க பேர நீங்களே எல்லா ஸ்பெல்லிங்லயும் ஒரு தடவ தேடிப் பாருங்க, லாகின் பண்ணாம.

இப்ப கைல இருக்கிற கேஸு ஒரு கார்ப்பரேஷன் ஸ்கூல் கணக்கு டீச்சர். மீன் யாவாரம் பண்ற ஒரு அக்கா தேடுறாங்க, பத்தாவது பரீட்சைக்கு ஃபீஸ் கட்டினவங்களாம். டீச்சர் பேரு கூட சரியா தெரியாது, பசங்க வெச்ச பட்டப்பேரு தான் தெரியும், அத இங்க எழுத முடியாது. ஸ்கூல் பழைய மாணவர் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு ஆள் கிடைச்சிருக்காரு, அவரு ஞாயித்துக்கிழமை ஹெட்மாஸ்டர் வீட்டுக்குப் போய் கேக்கறேன்னு சொல்லிருக்காரு.