சான்ட்ரோவுக்கு பிளக் மாற்றிய மூன்று ஞாயிறுகள்

வண்டி 2008 மாடல் சான்ட்ரோ ஜிங், 1086 சிசி. இருங்காட்டுக்கோட்டையில் பிறந்தது, 2016-இல் செகண்ட் ஹேண்டாகத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தது. 15 வருடம் முடிந்ததும் ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டிப் புதுப்பித்ததில் 2028 வரை ஓட்டலாம். வருடத்துக்கு ஆறாயிரம் கிலோமீட்டர் ஓடினால் அதிகம். எண்ணெய் மாற்றியிருக்கிறேன், பேட்டரி மாற்றியிருக்கிறேன். என்ஜினுக்குள் பெட்ரோலைத் தீப்பொறியால் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கை மட்டும் இத்தனை வருடத்தில் கழற்றிக்கூடப் பார்த்ததில்லை.

ஐப்பசி மழை பிடித்த வாரத்தில் காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒரு நடுக்கம். சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் வழியாகக் கைக்குள் யாரோ சுண்டுவது போல ஒரு தட்டல். மேம்பாலம் ஏறினால் பிக்கப் இல்லை. தெருமுனை மெக்கானிக் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. சைலென்சர் பக்கம் குனிந்து அரை நிமிடம் கேட்டார்.

"மிஸ்ஸிங் சார். பிளக்கக் கழட்டி உப்புத்தாள்ல தேய்ச்சுப் போட்டா இன்னும் ஒரு வருஷம் ஓடும்."

மிஸ்ஸிங் என்றால் ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை என்று அர்த்தம். உப்புத்தாள் என்றதும் அப்பாவின் சேட்டக் ஸ்கூட்டர் ஞாபகம் வந்தது. டிக்கியில் பழைய பனியன் துணியில் சுற்றிய மைக்கோ பிளக் ஒன்று எப்போதும் உபரியாக இருக்கும். வழியில் நின்றால் கழற்றி, கரியைத் தேய்த்து, ஹாக்ஸா பிளேடு நுழையும் அளவுக்கு முனையைத் தட்டிவிட்டு மாட்டுவார். பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஓடும் டூ ஸ்ட்ரோக்குக்கு அது சரி. என் வண்டியில் கரி மட்டும் பிரச்சினையாக இருக்காது என்று தோன்றியது. முனையின் விளிம்பு மழுங்கி, தீப்பொறி தாண்டும் இடைவெளி அகன்றிருந்தால் தேய்ப்பதால் பயன் இல்லை. தீப்பொறி கூரான விளிம்பிலிருந்துதான் சுலபமாகத் தாவும். தேய்த்த துகள் பீங்கான் இடுக்கில் தங்கினால் அது வேறு தொல்லை. புதிதாகவே போட்டுவிடலாம், நானே போடலாம் என்று முடிவு செய்தேன்.

கடையில் போய் 'சான்ட்ரோ பிளக்' என்று கேட்பதற்கு முன்னால் வண்டியின் கையேட்டைப் பார்த்தேன். என்ஜிகே கம்பெனி என்றால் பி.கே.ஆர்.5.இ.எஸ்-11, சாம்பியன் என்றால் ஆர்.சி.10.ஒய்.சி.4. இடைவெளி 1.0 முதல் 1.1 மில்லிமீட்டர். பார்க்க லாரி நம்பர் மாதிரி இருந்தாலும் அந்த எழுத்துகளுக்குள் எல்லாமே இருக்கிறது. என்ஜிகேவில் முதல் இரண்டு எழுத்து சேர்ந்தால் மரை 14 மில்லிமீட்டர், ஸ்பேனர் பிடிக்கும் தலை 16 மில்லிமீட்டர். ஆர் என்றால் உள்ளே ஏறக்குறைய 5 கிலோ ஓம் தடை இருக்கிறது. அது இல்லாததைப் போட்டால் ரேடியோ கொரகொரக்கும், என்ஜின் கம்ப்யூட்டருக்கும் தொந்தரவு. இ என்பது மரையின் நீளம், 19 மில்லிமீட்டர். இதில் விளையாடக் கூடாது. நீளம் கூடினால் பிஸ்டன் வந்து இடிக்கலாம், குறைந்தால் சிலிண்டருக்கு மூடியான ஹெட்டில் மிச்சமிருக்கும் மரையில் கரி அடைத்து அடுத்த முறை சரியான பிளக் இறங்காது. கடைசி 11 என்பது இடைவெளி.

நடுவில் இருக்கும் 5 தான் கடையில் தகராறுக்கு வந்தது. உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் முதலில் ஏறிய கடையில் 6 எடுத்து வைத்தார்கள். "நம்பர் ஒண்ணு கூடத்தான் சார், நல்லாவே இருக்கும்." கூட இருந்தால் நல்லது என்பது தோசைக்குச் சரி. இந்த எண், பிளக்கின் முனை தன் சூட்டை எவ்வளவு வேகமாக ஹெட்டுக்குக் கடத்துகிறது என்பதைச் சொல்கிறது. தீப்பொறியின் பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. முனை சுமார் 450 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் ஒட்டும் கரி தானாக எரிந்து போகும். 850-ஐத் தாண்டினால் தீப்பொறி வருவதற்கு முன்பே முனையே பெட்ரோலைப் பற்றவைத்துவிடும். என்ஜிகேவிலும் டென்சோவிலும் எண் ஏற ஏற பிளக் குளிர்ச்சி. பாஷ், சாம்பியனில் நேர்மாறு. காய்கறி வாங்கப் போய் வருகிற என் ஓட்டத்துக்குக் குளிர்ந்த பிளக் கரிதான் சேர்க்கும். 6 போட்டால் என்ஜின் வெடித்துவிடாது, ஆனாலும் கையேடு 5 என்னும்போது எதற்கு? இரண்டு கடை தள்ளி 5 கிடைத்தது.

அங்கே இரிடியம் ஆசை வந்தது. இதே அளவில் இரிடியமும் இருக்கிறது, விலை நாலைந்து மடங்கு. இரிடியம் 2400 டிகிரிக்கு மேல்தான் உருகும், நிக்கல் 1455-லேயே உருகிவிடும். அதனால் இரிடியம் முனையை ஊசி மாதிரி மெல்லிசாகச் செய்ய முடிகிறது, தேய்மானமும் குறைவு. லட்சம் கிலோமீட்டர் வரும் என்கிறார்கள். என் ஓட்டத்தில் லட்சம் என்றால் பதினாறு வருடம். 2028-க்கு மேல் அந்த பிளக்கை நான் என்ன செய்வது? நிக்கலே எடுத்தேன். அப்பாவின் பழக்கம், நாலுக்கு ஐந்தாக.

போலி பிளக் நிறையப் புழங்குகிறது என்பதால் கடையிலேயே ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்தேன். அடியில் இருக்கும் வாஷர் கையால் கழன்று வந்தால் சந்தேகப்பட வேண்டும். நல்ல பிளக்கில் அது சுற்றும், ஆனால் வெளியே வராது. நடு முனையும் வளைந்த முனையும் நேருக்கு நேர் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். கடைக்காரர் பொறுமைசாலி.

முதல் ஞாயிறு. இரவெல்லாம் நின்று ஆறிய என்ஜின். ஹெட் அலுமினியம், சூட்டோடு கழற்றினால் மரையைப் பிய்த்துக்கொண்டு வரும். மரை கழன்ற கேஸ் என்று நாம் மனிதர்களைச் சொல்வோமே, ஹெட்டுக்கு அப்படி ஆனால் லேத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். சாவியை எடுத்து வீட்டுக்குள் வைத்துவிட்டு, சைக்கிள் பம்பால் குழிகளைச் சுற்றி ஊதினேன். வந்த மண்ணைப் பார்த்தால் ஒரு செம்பருத்தி நடலாம். அது சிலிண்டருக்குள் விழுந்திருந்தால்?

பிளக் வயரை இழுக்கக் கூடாது, ரப்பர் தொப்பியைப் பிடித்து இடமும் வலமும் திருகி எடுக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். நாலையும் எடுத்துவிட்டால் எது எங்கே என்ற குழப்பம். 16 சாக்கெட், நீட்டு ராடு, ராட்செட். முதல் பிளக் 'கிறீச்' என்று ஒரு சத்தம் போட்டு அசைந்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. அரைச் சுற்றுக்கு அப்புறம் கையாலேயே வந்தது. இரண்டாவதும் அப்படியே. நாலாவது இறுக்கமாக இருந்தது. கொஞ்சம் துருநீக்கி விட்டு, டீ குடித்துவிட்டு வந்து, முன்னும் பின்னுமாக அசைத்து எடுத்தேன்.

பழைய பிளக்குகளைச் செய்தித்தாள் மேல் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, நாலு ஆகிய மூன்றும் வெளிர் பழுப்பு, பாலில் கொஞ்சமாக டிகாக்‌ஷன் விட்ட நிறம். அது ஆரோக்கியம். மூன்றாவது மட்டும் கறுப்பு. முகர்ந்தால் பெட்ரோல் வாசம். சந்து அளக்கும் தகடான ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்தால் நாலிலும் இடைவெளி 1.4-ஐ ஒட்டி வந்தது. நடு முனை பழைய அழிரப்பர் மாதிரி மழுங்கியிருந்தது.

பீங்கானில், இரும்பு விளிம்புக்கு மேல் பழுப்பு வளையம் ஒன்று நாலிலும் தெரிந்தது. அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. உயர் மின்னழுத்தம் காற்றில் மிதக்கும் எண்ணெய்த் துகளை இழுத்து ஒட்டவைத்த கறைதான் அது, உள்ளிருந்து புகை கசிந்த அடையாளம் இல்லை. இதை முன்பே தெரிந்து வைத்திருந்ததுதான் எனக்கு வினையாகப் போனது. மூன்றாவது பிளக்கில் அந்த வளையத்தோடு, மேல் தொப்பியிலிருந்து இரும்பு வரைக்கும் பென்சிலால் இழுத்த மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு ஒன்றும் இருந்தது. அதையும் கறை என்றே எடுத்துக்கொண்டு பழைய பிளக்குகளை டப்பாவில் போட்டுவிட்டேன்.

புதியதை மாட்டும்போது ஒரு சின்ன உபாயம். பிளக்கின் பீங்கான் பக்கத்தில் ஒரு சாண் பெட்ரோல் டியூபைச் செருகி, அதைப் பிடித்துக்கொண்டு இறக்கிச் சுற்றினேன். மரை கோணலாகப் பிடித்தால் டியூப் வழுக்கிவிடும், சாக்கெட் மாதிரி முரட்டுத்தனமாக உள்ளே தள்ளாது. கையோடு கடைசிவரை இறங்கிய பிறகுதான் எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச், 25 நியூட்டன் மீட்டர். ரெஞ்ச் மச்சானுடையது. அது இல்லாவிட்டால், புது வாஷர் ஹெட்டைத் தொட்ட பிறகு அரைச் சுற்றுக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். மரையில் கிரீஸ் எதுவும் தடவவில்லை. பிளக்கில் ஏற்கெனவே பூச்சு உண்டு. அதற்கு மேல் வழவழப்பு சேர்ந்தால் ரெஞ்ச் அதே 25 காட்டும், மரை மட்டும் அளவுக்கு மேல் இழுபடும்.

ஸ்டார்ட் செய்தேன். தையல் மெஷின் மாதிரி ஓடியது. மெக்கானிக் அந்தப் பக்கம் போகும்போது, "என்ன சார், நீங்களே போட்டுட்டீங்களா?" என்று கேட்க, கொஞ்சம் பெருமையாகவே சிரித்து வைத்தேன்.

பத்து நாள் அந்தப் பெருமை. பதினோராம் நாள் விடிகாலை நல்ல மழை, பல்லாவரம் சிக்னலில் மறுபடியும் அதே தட்டல்.

இரண்டாவது ஞாயிறு. நாலு புது பிளக்கையும் வெளியே எடுத்தால் மூன்றாவது மட்டும் மறுபடி கறுப்பு. இரண்டாவதையும் மூன்றாவதையும் துடைத்து இடம் மாற்றிப் போட்டேன். கோளாறு பிளக்கில் என்றால் அது பிளக்கோடு கூடவே போக வேண்டும். மல்டிமீட்டரில் நாலு பிளக் வயரின் தடையையும் அளந்தேன். நீளத்துக்கு ஏற்ற மாதிரி எல்லாம் ஒழுங்காகக் காட்டின. வயர் தப்பித்துவிட்டது என்று நினைத்தேன். மூன்று நாள் ஓட்டிவிட்டுத் திறந்தால், மூன்றாவது இடத்துக்கு வந்த பிளக் கறுத்துவிட்டது. இரண்டாவது இடத்துக்குப் போனது வெளுத்துக்கொண்டிருந்தது. ஆக, குற்றவாளி பிளக் இல்லை. பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டராக இருக்குமோ, வால்வாக இருக்குமோ என்று இரண்டு ராத்திரி தூக்கம் கெட்டது. எரியாத பெட்ரோல் சைலென்சர் பக்கம் போய் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுக்கும் என்பதால் வண்டியை நிறுத்திவிட்டு ரயிலில் ஆபீஸ் போனேன்.

மூன்றாவது ஞாயிறு, சாயங்காலம் ஏழரை மணி. போர்டிகோ விளக்கை அணைத்துவிட்டு என்ஜினை ஓடவிட்டேன். செடிக்குப் பனி மாதிரி தெளிக்கும் பாட்டிலை எடுத்து, தள்ளி நின்று, பிளக் வயர்களின் மேல் ஒரு தெளி. கை எதையும் தொடக் கூடாது, அங்கே ஓடுவது இருபதாயிரம் வோல்ட் கணக்கு. மகளைத் துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நிற்கச் சொல்லியிருந்தேன்.

"அப்பா, அங்க! நீலமா!"

மூன்றாவது தொப்பியின் விளிம்பில், இரும்பை நோக்கி, நூல் மாதிரி ஒரு நீலம். கூடவே 'டிக், டிக்' என்று சத்தம். அந்தச் சத்தமும் என் கையில் பட்ட தட்டலும் ஒரே தாளம்.

என்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, தொப்பியைப் பிளேடால் கிழித்துப் பார்த்தேன். உள்பக்க ரப்பரில் அதே பென்சில் கோடு. டப்பாவிலிருந்து பழைய மூன்றாவது பிளக்கை எடுத்துப் பொருத்தினால் இரண்டு கோடும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நடந்தது இதுதான். தேய்ந்து அகன்ற 1.4 இடைவெளியைத் தாண்ட இக்னிஷன் காயில் கூடுதல் மின்னழுத்தம் தர வேண்டியிருந்தது. பதினேழு வருட ரப்பருக்குள் பீங்கானை ஒட்டி இறங்குவது மின்சாரத்துக்கு அதைவிடச் சுலபம். ஒருமுறை கரி பிடித்துவிட்டால் அது போட்ட ரோடு. புது பிளக் வந்தாலும் ஈரம் பட்டால் அந்த ரோட்டிலேயேதான் போகும். மீட்டர் அளந்தது கம்பியின் தடையை, ரப்பரின் ஓட்டையை அல்ல. முதல் ஞாயிறே அந்தக் கோட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்திருந்தால் நாலு நாள் ரயில் மிச்சம்.

வயர் செட் ஆயிரத்துச் சொச்சம். நாலையும் மாற்றினேன், ஒன்று போன வயதில் மற்ற மூன்றும் ரொம்ப நாள் வராது. மூன்றாவது தொப்பிக்குள் இருந்த இரண்டு புது பிளக்கையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். முதலில் இருந்ததில் கோடு ஆரம்பித்திருந்தது, அதைத் தூக்கி எறிந்துவிட்டு ஐந்தாவதை எடுத்து மாட்டினேன். இன்னொன்று சுத்தம், தப்பித்தது. தொப்பிகளுக்குள் மெல்லிசாக சிலிக்கான் கிரீஸ். பிறகு வந்த இரண்டு மழையிலும் வண்டி அசையவில்லை.

உபரிக்கு மறுபடி ஒரு பிளக் வாங்கித் துணியில் சுற்றி டேஷ்போர்டு பெட்டியில் வைத்தாயிற்று. மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஏர் ஃபில்டர் டப்பா மூடியில் மார்க்கரால் எழுதினேன். எழுதும்போது உள்ளே ஏதோ உருண்டது. திறந்தால் ஃபில்டர் மேல் ஒரு கைப்பிடி வேப்பங்கொட்டை, எலி சேர்த்து வைத்தது. அதற்கு அடுத்த ஞாயிறு.