வானத்தில் ஏறும் கண்

ராத்திரி கரண்ட் போயிருந்தது, கும்பகோணத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மொபைலில் பிரெஞ்சு ஓவியர் ஓதிலோன் ரெதோனின் கறுப்புப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1882-இல் அச்சான ஒன்றில், பெரிய கண் ஒன்று பலூனாகி, மேலே பார்த்தபடியே வானத்தில் ஏறுகிறது. கீழே தட்டில் ஒரு தலை!

இது லித்தோகிராஃப், அதாவது கல்லச்சு. சுண்ணாம்புக் கல்லில் பிசுக்குள்ள கிரேயானால் வரைந்து, கல்லை நனைத்து மை உருட்டினால், ஈரம் மையைத் தள்ளிவிடும், கோடுகள் மட்டும் பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான். ஆனால் அந்தக் கறுப்பு இருக்கிறதே, மழை விட்ட வண்டல் மண் மாதிரி அத்தனை ஆழம். 1879-இல் வந்த அவருடைய முதல் தொகுப்பின் பெயரே 'கனவில்'. வண்ணங்கள் அப்புறம்தான் வந்தன, எனக்கு இந்தக் கறுப்புதான் பிடிக்கிறது.

சின்ன வயதில், சம்பா நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயலில் நிலா மிதப்பதைப் பார்த்து நடுங்கி, மறுபடி மறுபடி எட்டிப் பார்த்திருக்கிறேன். நேற்றும் அப்படித்தான், கரண்ட் வந்த பிறகும் உள்ளே போகவில்லை.