தெளிவாக வந்த பலகை

எபாக்சி ரெசின் என்ற செயற்கைப் பிசினின் நொறுங்கும் குணத்தைக் குறைக்கும் ஆய்வுப் பிரிவில் நான் சேர்ந்தபோது, ரப்பரைக் கலந்தால் எதுவும் வளைந்துகொடுக்கும் என்ற அளவில்தான் என் புரிதல் இருந்தது. அதைக் கெட்டிப்படுத்தும் ஹார்டனரைச் சேர்த்துச் சூடாக்கும்போது மூலக்கூறுகள் எல்லாத் திசைகளிலும் பிணைந்து ஒரே வலையாகிவிடுவதால்தான் அந்தப் பொருள் வெப்பத்தில் உருகாமல் நிற்கிறது. விழுந்த கீறல் தடையின்றி ஓடுவதற்கும் அந்த வலையின் இறுக்கமே காரணம். தொடக்க விரிசலுக்காகச் சோதனைத் துண்டின் காடியில் பிளேடை வைத்துச் சுத்தியலால் லேசாகத் தட்டுவோம்; கலப்பில்லாத ரெசின் என்றால் பல துண்டுகள் அந்தத் தட்டிலேயே இரண்டாகிவிடும்.

நாங்கள் கலந்தது கார்பாக்சில் முனைகள் கொண்ட பியூட்டாடையீன்-அக்ரிலோநைட்ரைல் திரவ ரப்பர்; 100 பங்கு ரெசினுக்கு 10 பங்கு. கண்ணாடித் தகடுகளுக்கிடையே வார்த்து எடுக்கும் பலகை வழக்கமாக நீர்மோர்போல் கலங்கலாக வரும். ஒருமுறை அது பளிச்சென்று தெளிவாக வந்தது. கலவை இவ்வளவு நன்றாகச் சேர்ந்திருக்கிறதே என்று நான் மகிழ்ந்திருக்க, பிரிவின் மூத்தவர் பலகையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ரப்பர் எங்கே தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

சோதனையில் விரிசல் தாங்கும் திறன் ஏறவே இல்லை. மென்மையாகும் வெப்பநிலை மட்டும் இறங்கியிருந்தது. பிறகுதான் டிரம்மின் லேபிளைப் படித்தேன். 18 சதவீத அக்ரிலோநைட்ரைல் கொண்ட ரப்பருக்குப் பதில் 26 சதவீத ரகம் வந்திருந்தது. அக்ரிலோநைட்ரைல் கூடக்கூட ரப்பர் எபாக்சியோடு ஒட்டி உறவாடும். எங்கள் ஹார்டனரோடு அது கடைசிவரை கரைந்தே கிடந்துவிட்டது. தொடக்கத்தில் கரைந்திருந்து, வலை வளர வளர இடம் கிடைக்காமல், ரெசின் உறைவதற்குள் மைக்ரான் அளவுத் துளிகளாகப் பிரிந்து நிற்பதே அந்த ரப்பரின் வேலை. விரிசலின் நுனி நெருங்கும்போது துளிகளுக்குள் வெற்றிடம் திறக்கிறது. இறுக்கம் தளர்ந்ததும் துளிகளுக்கு இடைப்பட்ட ரெசின் சறுக்கி உருமாறி, ஆற்றலை விழுங்குகிறது. உடைந்த முகத்தில் தெரியும் வெண்மை அதன் தடயம். ஆற்றலில் பெரும்பகுதியை விழுங்குவது ரெசின்தான் என்பதை, பாடப்புத்தகத்தில் இரண்டு முறை படித்திருந்தும், அன்றுதான் உணர்ந்தேன்.

இந்தக் கணக்கு பிறகு நான் போன விமானப் பாகத் திட்டத்தில் செல்லவில்லை. அங்குள்ள நான்கு எபாக்சி முனைகள் கொண்ட ரெசினின் வலை அவ்வளவு நெருக்கமானது. துளிகள் வழிவிட்டாலும் இடைப்பட்ட ரெசினால் நெகிழ முடியாது. அதனால் தானே இழுபடக்கூடிய, வெப்பம் தாங்கும் பாலிஈதர்சல்ஃபோன் என்ற பிளாஸ்டிக்குக்கு மாறினோம். அது துளிகளாக இருந்தவரை பலன் சொற்பமே. அளவைக் கூட்டி, அது தொடர்ச்சியான பின்னலாக மாறிய பிறகே விரிசல் தடுமாறியது. ஆனால் அந்த அளவில் கலவை சூட்டிலும் தார்போலக் கெட்டியாகி, பாகத்துக்கு வலுவூட்டும் கார்பன் இழைக் கற்றைக்குள் இறங்க மறுத்தது. முதல் தகட்டைக் குறுக்கே அறுத்துப் பார்த்தபோது, கற்றைகளின் நடுவே இழைகள் ஈரம் படாமல் உலர்ந்தே கிடந்தன.