ஹொக்ஸ்டன் தெருவின் தொலைந்த மேடைகள்

கிழக்கு லண்டனில் ஹொக்ஸ்டன் தெருவை அண்டிய வீடுகளுக்குப் போய் வயதானவர்களைப் பராமரிப்பது என் வேலை. அங்கே சுவரொன்றில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. பிரிட்டானியா தியேட்டர் நின்ற இடத்தைக் குறிக்க அந்தப் பலகை மட்டும்தான் மிச்சம்.

நான் பார்க்கப் போகும் ஒரு மூதாட்டி, தொண்ணூறைத் தாண்டியவர், அதை இன்றைக்கும் 'பிரிட்' என்றுதான் சொல்வார். அவர் அங்கே பார்த்தது படம். 1913இல் அது சினிமாவாக மாறிவிட்டது. நாடகம் பார்த்தவர் அவருடைய பாட்டி. தளபாடங்களுக்குப் பொலிஷ் பூசும் வேலையாம். நகக்கண்ணில் ஏறிய பழுப்பு நிறம் எவ்வளவு தேய்த்தாலும் போகாதாம். வேலை முடிந்ததும் அந்தக் கையோடேயே கலரிக்கு, அதாவது மலிவான மேல்தள இருக்கைகளுக்கு, போய்விடுவாராம். பிரிட்டானியா யாருக்காக இருந்தது என்பதற்கு எனக்கு இந்த ஒரு கதை போதும்.

சாம் லேன் என்பவர் 1841இல் மதுக்கடையோடு சேர்ந்த அரங்காக அதைத் தொடங்கினார். 1858இல் பெரிதாகக் கட்டி எழுப்பினார். மூவாயிரம் பேருக்கு மேல் கொள்ளும். 1860இல் நாவலாசிரியர் சார்ள்ஸ் டிக்கன்ஸ் ஒரு சனிக்கிழமை இரவு போய்ப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்: கலரிக்கு மூன்று பென்ஸ், இன்னொரு கலரிக்கு நாலு பென்ஸ், கீழ்த்தளத்துக்கு ஆறு பென்ஸ். காற்றோட்டத்தையும் விளக்குகளையும் மெச்சியவர், அங்கே விற்ற சான்ட்விச்சையும் விடவில்லை. நம்மூரில் விடிய விடியக் கூத்துப் பார்க்கப் பாயும் பலகாரமுமாகப் போன சனத்தைப் போலத்தான் இவர்களும். ஒரே இரவில் ஒன்றுக்கு மேற்பட்ட நாடகம், நடுவில் சாப்பாடு.

1871இல் சாம் இறந்தபின் மனைவி சாரா லேன் பொறுப்பேற்றார். 1899இல் தான் சாகும்வரை அவரே நடத்தினார். விக்டோரியா காலத்தில் ஒரு பெண் இத்தனை பெரிய தியேட்டரை ஏறத்தாழ முப்பது வருடம் கட்டி ஆண்டிருக்கிறார்! எழுபது வயதுக்கு மேலும் பண்டொமைம் என்ற கிறிஸ்மஸ் கால வேடிக்கை நாடகத்தில் இளவரசன் வேடம் கட்டி மேடையேறினார். பிரிட்டானியாவில் வருடாவருடம் ஒரு விழா எடுப்பார்கள். நடிகர்கள் தங்கள் வேடங்களில் ஒவ்வொருவராக மேடைக்கு வர, சனம் பரிசுகளை எறியும். கூலிக்கு வேலை செய்கிறவர்கள் தங்கள் கைக்காசில் வாங்கி வந்து எறிந்த பரிசுகள் அவை.

1940இல் குண்டு விழுந்து பிரிட்டானியா போனது.

சுற்றுவட்டாரத்தில் இதுபோல் அழிந்துபோன அரங்குகள் வேறும் உண்டு. ஷொர்டிச் ஹை ஸ்ட்ரீட்டில் 'லண்டன் மியூசிக் ஹோல்' (பாட்டும் பகிடியும் குடியுமான அரங்கைத்தான் மியூசிக் ஹோல் என்பார்கள்) 1935இல் இடிபட்டது. கொமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் 'கேம்பிரிட்ஜ்' 1896இல் எரிந்து, திரும்பக் கட்டப்பட்டு, கடைசியில் சிகரெட் தொழிற்சாலையை அகட்டுவதற்காக உடைக்கப்பட்டது. யூத மக்கள் தங்கள் இத்திஷ் மொழியில் நாடகம் போட்ட வைட்சப்பல் 'பவிலியன்' 1960களின் தொடக்கத்தில் மண்ணாயிற்று. சிறிய அரங்குகள் பலவற்றை 1878ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு முன்னரே மூடவைத்திருந்தது. தீ அடிக்கடி பிடித்த காலம் என்பதால் அந்தச் சட்டத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனாலும் அது கேட்ட மாற்றங்களைச் செய்யப் பணம் இருந்தவர்கள்தான் தப்பினார்கள்.

தப்பி நிற்கும் இரண்டைப் பாருங்கள். ஹொக்ஸ்டன் ஹோல் 1863இல் 'மோர்ட்டிமர்ஸ் ஹோல்' ஆகத் திறந்து, பிறகு 'மக்டொனால்ட்ஸ் மியூசிக் ஹோல்' ஆனது. 1871இல் பொலிஸ் முறைப்பாட்டால் லைசன்ஸ் போனது. 1879இல் அதை வாங்கியவர் வில்லியம் பாமர், பிஸ்கட் கம்பனிக் குடும்பத்தவர், மதுவிலக்குக்காரர். கிரேசஸ் அலியிலுள்ள வில்டன்ஸ் மியூசிக் ஹோலின் கதையும் அதேதான். ஜோன் வில்டன் 1859இல் திறந்தது. 1888இல் மெதடிஸ்ட் கிறிஸ்தவ மிஷன் கைக்குப் போனது. அடுத்த வருடம் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தபோது அங்கே நாளொன்றுக்கு ஆயிரம் சாப்பாடு கொடுத்திருக்கிறார்கள். பிறகு பழந்துணிக் கிடங்கானது. 1960களில் இடிக்கப் பார்த்ததை, கவிஞர் ஜோன் பெட்ஜமன் போன்றவர்கள் போராடித் தடுத்தார்கள்.

குடியும் கும்மாளமும் கூடாது என்றவர்கள் வாங்கிப் பிரார்த்தனை நடத்தியதால்தான் இந்த இரண்டு மேடைகளும் இன்று நிற்கின்றன. சனம் கொண்டாடியவை சினிமாவாக மாறின, வியாபாரம் விழ விற்கப்பட்டன, அல்லது குண்டில் போயின. மிஷன்காரர் மேல் எனக்குக் கோபமில்லை, நன்றியே உண்டு. சாரா லேனை நினைத்தால்தான் எனக்கு மனம் பொறுக்கவில்லை. அந்தத் தெருச் சனத்துக்கு அவ்வளவு செய்தவருக்கு ஒரு பலகை போதாது. ஹொக்ஸ்டன் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவர் பெயரைப் படித்து வளரவேண்டும்.

'வெள்ளைக்காரரின் பழைய கொட்டகை எங்களுக்கு எதற்கு' என்று வீட்டில் கேட்கிறார்கள். நாள் முழுக்க நின்று வேலை செய்து, மூன்று பென்ஸ் கொடுத்துச் சிரிக்கப் போன பெண்களின் கதை என்று சொல்கிறேன். ஈஸ்ட்ஹாமில் வேலை முடிந்து சேலை மாற்றிக்கொண்டு கோயில் திருவிழாவுக்கு ஓடும் எங்கள் பெண்களுக்கு இது விளங்காதா என்ன?

ஹொக்ஸ்டன் ஹோலில் இன்றும் நிகழ்ச்சிகள் நடக்கின்றன. போகிறவர்கள், மேல் கலரியில் இடம் கிடைத்தால் அங்கேயே இருங்கள். மெல்லிய இரும்புத் தூண்களில் இரண்டு அடுக்குக் கலரி, ஆள் உயரத்துக்குத் தூக்கிக் கட்டிய மேடை. பாடுகிறவரின் முகம் அங்கிருந்தும் தெளிவாகத் தெரியும்.