நாலு முழம்

கணக்கு மாஸ்டரின் அந்தியேட்டி முடிந்த கிழமை நினைவு மலர்க்குழுவிலிருந்து கேட்டார்கள்: "சேரைப் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கோ." பிரம்பு, பறந்து வரும் சோக்கட்டி, பதினாறாம் வாய்பாடு எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதுவார்கள். எனக்குச் சொல்ல இருப்பது கடைசி மணிக்குப் பிந்திய கதை.

சேர் சைக்கிளில் ஏறமாட்டார். உருட்டிக்கொண்டே எங்களோடு சந்தி வரைக்கும் நடப்பார். அதைத் தாண்டி ஓர் அடி வைத்ததை ஒருவரும் கண்டதில்லை. சந்தியில் யாராவது "போறன் சேர்" என்றால் அவ்வளவுதான். "போட்டு வாறன் எண்டு சொல்லடா!" பகிடி பண்ணுவதற்கு எங்களுக்கு இது நல்ல விஷயமாக இருந்தது.

இந்த நடைக்கு ஒரு சட்டமே உண்டு என்பது வட லண்டனில், யூதர் நெருங்கி வாழும் கோல்டர்ஸ் கிரீன் பக்கம் குடியிருந்த பிறகுதான் தெரிந்தது. விருந்தாளி புறப்பட்டால் கதிரையில் இருந்தபடி கை காட்டுவது அவர்களுக்குப் போதாது. கதவைத் தாண்டி, கூடவே குறைந்தது நாலு முழம் நடக்க வேண்டும். கிட்டத்தட்ட இரண்டு மீற்றர். (சேர் கட்டியதும் நாலு முழம்தான், ஆனால் அது வேட்டி.) எபிரேயத்தில் இதன் பெயர் லெவாயா, வழித்துணையாகப் போதல். ஆபிரகாமின் விருந்தோம்பலையே உண்ணக் கொடுத்தல், குடிக்கக் கொடுத்தல், வழியனுப்புதல் என்று மூன்றாகப் பிரிப்பார்கள். மூன்றிலும் கடைசியின் பலனே பெரிது என்று 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் தன் சட்டநூலில் எழுதினார்.

இரண்டு மீற்றருக்கு ஏன் இவ்வளவு? விடை வேதாகமத்தில், உபாகமம் 21ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வயல்வெளியில் ஒரு பிணம். கொன்றவன் யாரென்று தெரியாது. சுற்றியுள்ள ஊர்களுக்குத் தூரம் அளந்து, மிகக் கிட்டிய ஊரின் மூப்பர்கள் வந்து ஒரு கிடாரியின் கழுத்தை முறித்து, அதன்மேல் கை கழுவி, "எங்கள் கைகள் இந்த இரத்தத்தைச் சிந்தவில்லை" என்று சொல்ல வேண்டும். மூப்பர்களைக் கொலைகாரர் என்று யார் நினைத்தார்கள் என்று யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா கேட்கிறது. அவர்கள் சொல்வதன் பொருள் வேறு: இவன் எங்களிடம் வந்து சாப்பாடில்லாமல் போகவில்லை, நாங்கள் கண்டும் துணையில்லாமல் விடவில்லை. கூட நடக்காமல் விட்டவன் கையிலும் இரத்தம் ஒட்டக்கூடும்.

ஆளுக்கு ஆள் அளவு மாறும். மிஷ்னாவுக்கு விரிவுரையான தல்மூதின் சோட்டா பகுதியில் கணக்குத் துல்லியமாக இருக்கிறது. நண்பன் நண்பனோடு ஓய்வுநாள் எல்லை வரை, அதாவது ஓய்வுநாளில் ஊரைத் தாண்டி நடக்கக்கூடிய 2000 முழம், ஒரு கிலோமீற்றர் அளவு. ஆசிரியர் மாணவனோடு ஊரின் புற எல்லை வரை. மாணவன் ஆசிரியரோடு நடப்பதற்கு அளவே இல்லை. அளவில்லை என்ற கையோடு, ஒரு பார்சா போதும், பேர்பெற்ற ஆசிரியரென்றால் மூன்று பார்சா என்று அதற்கும் ஓர் அளவு போட்டுவிடுகிறார்கள். ஒரு பார்சா ஏறக்குறைய நாலு கிலோமீற்றர். முடிவிலிக்கு எல்லை போடுகிற இந்த வேலையை சேர் ரசித்திருப்பார்.

விடைபெறும் சொல்லுக்கும் சட்டம் உண்டு. உயிரோடிருப்பவரிடம் "சமாதானத்தை நோக்கிப் போ" என்றே சொல்ல வேண்டும். "சமாதானத்தோடு போ" என்பது இறந்தவருக்கு உரியது. எபிரேயத்தில் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். 'போறன்' என்றவனைச் சந்தியில் மறித்துத் திருத்திய மனிதருக்கு இதை விளக்க வேண்டியே இருந்திருக்காது.

இறுதி ஊர்வலத்துக்கும் பெயர் லெவாயாதான். முன்பின் தெரியாதவரின் ஊர்வலம் தெருவில் போனாலும் எழுந்து நாலு முழமாவது பின்னால் நடக்க வேண்டும். உடலைக் கழுவுவது கூலியாட்கள் அல்ல, அக்கம்பக்கத்தவர்கள். ஒன்பது கவ் (பழைய எபிரேய அளவு), 20 லீற்றருக்கு மேல் தண்ணீர், அறாமல் விழ வேண்டும். ஒரு வாளி தீருமுன் அடுத்த வாளி சாய வேண்டும். இடையில் அறுந்தால் திரும்பவும் முதலிலிருந்து. புதைகுழியில் மண்வெட்டியைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. மண்ணில் குத்திவிட்டு விலக, அடுத்தவர் தானே எடுப்பார். முதலில் அதைக் கவிழ்த்துப் பின்புறத்தால் அள்ளுவார்கள், இந்த வேலைக்கு அவசரமில்லை என்று காட்ட. துக்க வீட்டின் முதல் சாப்பாடு அயலவர் கொண்டுவருவது: அவித்த முட்டை, பருப்பு. பருப்புக்கு வாயில்லை, துக்கக்காரருக்கும் வாயில்லை என்பார்கள். அவர் பேசும்வரை வந்தவரும் பேசக்கூடாது. "எப்படிச் செத்தவர், எத்தனை மணிக்கு" என்று தொடங்கும் நம்மவர்க்கு இது சரியான கஷ்டம்.

தொண்ணூறுகளில் நாங்கள் வெளிநாட்டுக்குப் போனது ஒருவருக்கும் சொல்லாமல். சொல்லாதே என்பது ஏஜென்சிக்காரனின் முதல் கட்டளை. வெள்ளிக்கிழமை வகுப்பில் இருந்தவன் திங்கட்கிழமை இருக்கமாட்டான். எந்தப் பெயரையும் சேர் இடாப்பில் வெட்டவில்லையாம். வாசித்து, கொஞ்ச நேரம் நின்று, அடுத்த பெயருக்குப் போவாராம். கடைசியாக மிஞ்சியவர்களில் ஒருவன் சொன்னது. சந்தி வரைக்கும் கூட வருகிற ஒரு மனிதருக்கு நாங்கள் அந்த வேலையைக்கூட வைக்கவில்லை.

செத்தவீட்டை சூமில் பார்த்தோம். லண்டன், ரொறன்ரோ, பாரிஸ், சிட்னி. போனை முற்றத்தில் ஒரு கதிரைமேல் நிறுத்தியிருந்தார்கள். பெட்டி படலையைத் தாண்டியதும் அதைத் தூக்கிக்கொண்டு போக ஒருவருக்கும் நினைவு வரவில்லை. வெறும் கதிரைகளும் நிலத்தில் நசுங்கிய பூவும்தான் தெரிந்தன. கன நேரமாக ஒருவரும் வெளியேறவில்லை. பிறகு யாரோ தட்டச்சில் போட்டார்கள்: "போட்டு வாங்கோ சேர்."

ஒருவரும் திருத்தவில்லை.