மொனிற்றரை அணைப்பது சுகம், எழும்பாமல் வைத்திருப்பதுதான் வேலை

ஆவணி முகூர்த்தங்கள் முடிந்த கையோடு யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோக்களில் கலியாண வீடும் சாமத்திய வீடும் சேர்ந்து குவியும். பகலில் எடிற்றிங், இரவில் ரெண்டர், அதாவது வெட்டி ஒட்டியதை முழு வீடியோவாக ஆக்கும் வேலை. கடையைப் பூட்டினாலும் கொம்பியூற்றர் விடியும்வரை ஓடவேணும், திரை மட்டும் அணையவேணும். விண்டோஸின் ஸ்ராட் மெனுவில் சட்டவுன் இருக்கிறது, ஸ்லீப் இருக்கிறது. திரையை மட்டும் அணைக்கும் பொத்தான் இல்லை.

ஸ்கிரீன் சேவரில் கறுப்பைப் போட்டுவிட்டு வேலை முடிந்ததென்று நினைப்பவர்கள் அதிகம். எல்.சி.டி. திரையில் கறுப்புப் படம் தெரிந்தாலும் பின்னால் இருக்கும் விளக்கு பெரும்பாலும் எரிந்துகொண்டுதான் இருக்கும். இருட்டு அறையில் பார்த்தால் சாம்பல் வெளிச்சம் தெரியும். உண்மையில் அணைந்ததா என்பதை மொனிற்றரின் பவர் லைற் சொல்லும்: நிறம் மாறும், இல்லாவிட்டால் மினுங்கும்.

மேசைக் கொம்பியூற்றருக்குச் சுகமான வழி, கேசில் உள்ள பவர் பட்டனுக்கே அந்த வேலையைக் கொடுப்பது. கொன்ட்ரோல் பனலில் பவர் ஒப்ஷன்ஸ், அதற்குள் பவர் பட்டன் என்ன செய்யவேண்டும் என்ற பக்கம், அங்கே ‘ரேர்ன் ஓஃப் த டிஸ்பிளே’. பிறகு ஒரு தட்டுத் தட்டினால் போதும். கடைப் பொடியனுக்கு ஒன்றை மட்டும் சொல்லிவைக்க வேணும்: பட்டனை நாலைந்து செக்கன் அமத்திப் பிடித்தால் மெசினே செத்துவிடும், பாதி ரெண்டரும் போய்விடும்.

ஷோட்கட் கீயால் அணைக்க விரும்புபவர்களுக்கு நிர்சொஃப்டின் நிர்சிஎம்டி என்ற இலவசச் செயலி போதும். அதன் ‘மொனிற்றர் ஓஃப்’ கட்டளை விண்டோஸுக்கு ஒரு செய்தி அனுப்புகிறது. அந்தச் செய்தியில் 2 என்றால் அணை, -1 என்றால் எழும்பு. இங்கேதான் முதல் சிக்கல். கீயை அமத்தியதும் திரை அணையும், விரலை எடுத்ததும் திரும்ப எழும்பும், ஏனென்றால் கீ மேலெழுவதும் ஓர் உள்ளீடுதான். செயலி பழுதென்று அதை அழித்துவிடுகிறார்கள். கட்டளைக்கு முன்னால் 1000 மில்லிசெக்கன் காத்திருக்கச் சொன்னால் சரியாகிவிடும். லினக்ஸில் திரையை அணைக்கும் எக்ஸ்செற் கட்டளைக்கும் அதே ஒரு செக்கன் வேணும். ஆனால் லினக்ஸின் புதிய திரை முறையான வேலண்டில் அந்தக் கட்டளை எடுபடாது.

அணைந்த திரை பத்து நிமிடத்தில் தானாக எழும்பினால் முதலில் மவுஸைப் பிடியுங்கள். எங்கள் பக்கத்து அலுவலக மேசைகளில் மேலே ஒரு கண்ணாடி, அதன் கீழ் கலண்டரும் விசிற்றிங் காட்டுகளும். கண்ணாடியில் ஒப்டிக்கல் மவுஸுக்குப் பிடிமானம் கிடைக்காது. யாரும் தொடாமலே சுட்டி ஒன்றிரண்டு புள்ளி நடுங்கும், விண்டோஸுக்கு அது போதும். மேசையில் நிற்கும் மின்விசிறியின் அதிர்வும் இதையே செய்யும். மவுஸ் பாட் போடுங்கள். வயர்லெஸ் மவுஸ் என்றால் அடியில் இருக்கும் சுவிச்சை அணைத்துவிட்டுப் போங்கள்.

மவுஸ் குற்றவாளி இல்லையென்றால் தூரத்திலிருந்து யாராவது உள்ளே வருகிறார்களா என்று பாருங்கள். கனடாவில் இருந்து எனிடெஸ்க் என்ற தூரக் கட்டுப்பாட்டுச் செயலியில் புகுந்து வேலை செய்பவர் அசைக்கும் மவுஸும் இங்கே உள்ளீடுதான். அதுவும் இல்லையென்றால் ஏதோ மென்பொருள். அட்மினிஸ்ரேற்றராகக் கமாண்ட் புரொம்ப்ற் திறந்து ‘பவர்சிஎஃப்ஜி’ கட்டளையை ‘ரிக்வெஸ்ற்ஸ்’ என்ற சொல்லுடன் ஓடவிட்டால், திரை எரிந்தபடி இருக்கவேணும் என்று கேட்கும் செயலிகள் ‘டிஸ்பிளே’ என்ற தலைப்பின் கீழ் வரும். பெரும்பாலும் வீடியோ ஓடும் பிரவுசர் ரப்தான்.

இவ்வளவு துப்பறிய நேரமில்லாதவர்களுக்கு மொனிற்றரின் சொந்த பட்டன் இருக்கிறது. அதைக் குறைவாக நினைக்கத் தேவையில்லை. அதை அமத்தி அணைத்தால் எந்த மவுஸும் எழுப்பாது. ஆனால் டிஸ்பிளேபோர்ட் வயரில் பல மொனிற்றர்கள், அணைத்ததும் கழற்றிவிட்டது போலவே விண்டோஸுக்குக் காட்டும். இரண்டு திரை வைத்து வேலை செய்பவரின் விண்டோக்கள் எல்லாம் மற்றத் திரைக்கு ஓடிப்போய் நிற்கும். எச்.டி.எம்.ஐ. வயரில் இந்தத் தொல்லை குறைவு. மொனிற்றர் மெனுவில் ‘ஓட்டோ சோர்ஸ்’ இருந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள்: ஸ்ராண்ட்பையில் கிடக்கும் சில மொனிற்றர்கள் சிக்னல் தேடி இடையிடையே தானாக முழித்துக்கொள்ளும்.

கரண்ட் பில் குறையும் என்று பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். 20 வாற் மொனிற்றர் பத்து மணித்தியாலம் எரிந்தால் 0.2 யூனிற்தான். பலன் தெரிவது கரண்ட் போகும்போது. 650 வி.ஏ. யூ.பி.எஸ்.களில் பெரும்பாலும் இருப்பது 12 வோல்ற், 7 அம்பியர்-மணி பற்றரி ஒன்று. கணக்குக்கு 84 வாற்-மணி, கையில் கிடைப்பது அதிலும் குறைவு. அதில் 20 வாற்றைக் குறைத்தால் ரெண்டருக்குச் சில நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும்.

புது லப்ரொப்புகளில் மட்டும் கவனம். ‘பவர்சிஎஃப்ஜி’க்குப் பின் சாய்கோடும் ஏ எழுத்தும் போட்டுப் பாருங்கள். கிடைக்கும் தூக்க நிலைகளில் எஸ்0 என்று வந்தால், கட்டளையாலோ பட்டனாலோ திரையை அணைப்பது மெசினையே தூங்கவைப்பதாகிவிடும், ரெண்டர் நின்றுபோகும். அப்படியான லப்ரொப்பில் வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கி, மூடியைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போவதுதான் பாதுகாப்பு.