சிலந்திகளை விரட்டாத வீடு

ஸ்பெயினின் பில்பாவோ நகரிலிருந்து கிளம்பிய பஸ் முக்கால் மணி நேரம் தாமதம். ஆரோ ஊரின் ரயில் நிலையப் பேட்டைக்கு மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது, ஒயின் கூடத்தைச் சுற்றிப் பார்க்க நான் சேர வேண்டிய குழு நிலவறைக்குள் இறங்கிவிட்டிருந்தது. வாசலில் இருந்த பெண் சிரித்தபடி படிக்கட்டைக் காட்டினார். இறங்க இறங்கக் குளிர். ஈர மண்ணும் பழைய மரமும் கலந்த வாசனை.

லோபெஸ் தே எரேதியா குடும்பத்தின் ஒயின் கூடம் இது. ஸ்பெயினின் ரியோஹா பகுதியில் 1877ல் ரஃபாயெல் லோபெஸ் தே எரேதியா தொடங்கியது. இன்று நடத்துவது நான்காம் தலைமுறை. ஒயின் கூடங்கள் ஏன் ரயில் நிலையத்தைச் சுற்றி மொய்க்கின்றன என்று கேட்டேன். ஃபிலோக்செரா என்ற பூச்சி வேரை உறிஞ்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்தபோது, அங்கிருந்த வியாபாரிகள் சரக்கு தேடி இங்கே வந்தார்களாம். பீப்பாயை ரயிலில் ஏற்றினால் நேரே பில்பாவோ துறைமுகம். பிற்பாடு பூச்சி இங்கேயும் வந்து சேர்ந்தது, அது வேறு கதை.

பழைய பாட்டில்களை அடுக்கியிருக்கும் அறைக்குக் குடும்பத்தார் வைத்த பெயர் 'கல்லறை'. கூரையிலிருந்து ஒட்டடை திரைச்சீலை போலத் தொங்குகிறது. பாட்டில்கள் மேல் கறுத்த பூஞ்சை. நம் வீட்டில் இப்படி இருந்தால் அம்மா துடைப்பத்தோடு வந்திருப்பார். இங்கே வேண்டுமென்றே விட்டு வைத்திருக்கிறார்கள். தக்கையைத் துளைக்கும் அந்துப்பூச்சியைச் சிலந்தி பிடித்துத் தின்றுவிடுகிறது. மருந்து அடிக்கும் செலவு மிச்சம்!

எனக்கு அதைவிடப் பிடித்தது பீப்பாய்ப் பட்டறை. அமெரிக்க ஓக் மரத்தை வாங்கிக் காயவைத்து, தங்கள் பீப்பாய்களைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். தச்சர் ஒருவர் இரும்பு வளையத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார். ஒரு தட்டு, பீப்பாயை ஒரு சுற்று, மறுபடி ஒரு தட்டு. எங்களை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

தொந்தோனியா ரிசர்வா என்ற சிவப்பு ஒயின் இந்தப் பீப்பாய்களில் 6 வருஷம் கிடக்கிறது. நடுநடுவே தெளிந்ததைக் கையாலேயே வேறு பீப்பாய்க்கு மாற்றுவார்கள். கலங்கலை அடியில் படியவைக்க முட்டை வெள்ளைக்கரு. முக்கால் பங்கு தெம்ப்ரனீயோ திராட்சை. மீதி கர்னாச்சாவும் கொஞ்சம் கிராசியானோவும் மசுவேலோவும்.

சுவைக்கும் கூடம் வாசல் பக்கம். 1910ல் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சிக்காக மரத்தால் செய்த கடை ஒன்றைப் பத்திரமாக வைத்திருந்து, அதை மூடி நிற்கும்படி கட்டடக் கலைஞர் ஸாஹா ஹதீதை ஒரு கூடம் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். ஒயின் ஊற்றும் குடுவை வடிவமாம். எனக்கென்னவோ உள்ளே இருக்கும் பழைய கடைதான் அழகு.

ஊற்றிக் கொடுத்தது 2012 அறுவடை. ஓரத்தில் செங்கல் நிறம். நான் ஒயின் நிபுணன் இல்லை. காய்ந்த அத்திப்பழமும் பழைய தோல் பையும் நினைவுக்கு வந்தன. துவர்ப்பு இருந்தது, ஆனால் நாக்கை இழுத்துப் பிடிக்கவில்லை. இரண்டாவது வாய்தான் இன்னும் நன்றாக இருந்தது. பக்கத்தில் நின்றவர் இதில் பழச் சுவையே இல்லையே என்று முகம் சுளித்தார். அவர் பாட்டுக்கு.

அப்புறம் எப்ரோ ஆற்றங்கரையில் இருக்கும் அவர்களுடைய திராட்சைத் தோட்டத்துக்கு நடந்தேன். ஆறு வளைந்து மூன்று பக்கம் சூழ்ந்த நிலம், 100 ஹெக்டேருக்கு மேல். 1913, 14ல் நட்டுத் தொடங்கியது. திராட்சை என்றால் பந்தல் என்று பழகிய கண்ணுக்கு இது விசித்திரம்: கம்பியும் இல்லை, கழியும் இல்லை, இடுப்புயரம்கூட வராத முறுக்கேறிய கட்டைகள் தனித்தனியாக நிற்கின்றன. வரிசைக்குள் கொஞ்ச தூரம் போய்விட்டு, பஸ் நினைவு வந்து திரும்பி ஓடினேன். ஷூவுக்குள் புகுந்திருந்த கல்லை பில்பாவோ போகிற வழியில்தான் எடுக்க முடிந்தது.